எண்ணெய் ஜெல்லும் சர்ஃபேக்டன்டும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆய்வகத்தில் எண்ணெய், கொழுப்பு சம்பந்தமான வேலை எனக்கு. பயிற்சிக்கு வரும் மாணவர்களும் சரி, பேக்கரி நடத்துபவர்களும் சரி, கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் தாளில் படம் போட்டு விளக்கி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எண்ணெய் ஜெல்னா என்ன சார்? வனஸ்பதியையே வேற பேர்ல சொல்றீங்களா?

இல்லை. வனஸ்பதியில் எண்ணெயின் மூலக்கூறையே மாற்றுகிறார்கள். ஹைட்ரஜன் ஏற்றித் திரவத்தைத் திடமாக்குகிறார்கள். எண்ணெய் ஜெல்லில் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். உள்ளே கொஞ்சம் மெழுகோ வேறொரு பொருளோ வலை மாதிரி படர்ந்து அதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். துறையில் இதற்கு ஓலியோஜெல் என்று பெயர்.

தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் நன்றாகத் தோய்ந்த தயிர்க் கிண்ணத்தைச் சாய்த்தால் கொட்டுவதில்லை, புரத வலை தண்ணீரைப் பிடித்திருக்கிறது. இங்கே பிடிபடுவது எண்ணெய். 100 கிராம் ஜெல்லில் பெரும்பாலும் 90 கிராமுக்கு மேல் சாதாரண சூரியகாந்தி எண்ணெயோ தவிட்டு எண்ணெயோதான் இருக்கும். பாலுக்கு உறை ஊற்றுவது போல எண்ணெய்க்கு ஊற்றுவதால், வலை போடும் பொருளை இந்தப் பக்கம் முழுக்க 'உறைபொருள்' என்றே சொல்கிறேன்.

எதுக்கு இவ்வளவு பாடு? கெட்டியா வேணும்னா வெண்ணெய் இருக்கே?

வெண்ணெய் விலை என்னவென்று பேக்கரிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பஃப்ஸ் அடுக்கடுக்காக வர, பிஸ்கட் மொறுமொறுவென்று உடைய, கெட்டிக் கொழுப்பு வேண்டும். பல காலம் அந்த வேலையை மலிவாகச் செய்தது பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். அதில் வரும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று உறுதியானதும் கதவு மூடத் தொடங்கியது. அமெரிக்காவில் 2015-இல் அதற்கு எதிரான முடிவு வந்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்புக்கான உச்சவரம்பு 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும் 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் இறங்கியது.

மாற்று என்று எல்லோரும் ஓடியது பாமாயிலுக்கு. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதையும் குறைக்க வேண்டுமென்றால், நல்ல திரவ எண்ணெயை அப்படியே வைத்துக்கொண்டு கெட்டித்தன்மையை மட்டும் வேறு வழியில் கொண்டுவர வேண்டும். எண்ணெய் ஜெல் அந்த வழிகளில் ஒன்று.

சர்ஃபேக்டன்ட்னா சோப்புதானே? அதையா சாப்பாட்டுல போடுறீங்க?

சோப்பும் ஒரு சர்ஃபேக்டன்ட்தான். அதற்காக எல்லா சர்ஃபேக்டன்டும் சோப்பு ஆகிவிடாது. ஒரே மூலக்கூறில் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் இருந்தால் அது சர்ஃபேக்டன்ட். முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் அப்படிப்பட்டது. சோயா லெசித்தின் சாக்லேட்டில் இருக்கிறது. கொழுப்பை உங்கள் குடல் செரிக்கும்போது உண்டாகும் மோனோகிளிசரைடும் அதே இனம்.

எண்ணெய் ஜெல் வேலையில் அடிக்கடி கையில் வருபவை: லெசித்தின், கிளிசரால் மோனோஸ்டியரேட் (இது ஒரு மோனோகிளிசரைடு), சார்பிட்டன் மோனோஸ்டியரேட், சார்பிட்டன் டிரைஸ்டியரேட், பாலிசார்பேட், பி.ஜி.பி.ஆர். (பாலிகிளிசரால் பாலிரிசினோலியேட்). பாக்கெட்டில் இவை எண்ணாகத்தான் இருக்கும். லெசித்தின் 322, மோனோ-டைகிளிசரைடு 471, பி.ஜி.பி.ஆர். 476, சார்பிட்டன் மோனோஸ்டியரேட் 491. அனுமதி பெற்றவை என்றாலும் அளவுக்கு வரம்பு உண்டு. பாலிசார்பேட் 80 கொடுத்த எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் மாறி லேசான அழற்சி வந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. என் வழக்கம், லெசித்தினிலோ மோனோகிளிசரைடிலோ வேலை முடிந்தால் பாலிசார்பேட் பக்கம் போவதில்லை.

ஜெல்லில் தண்ணீரே கிடையாது. அப்புறம் சர்ஃபேக்டன்டுக்கு அங்கே என்ன வேலை?

நல்ல கேள்வி. இது புரிந்துவிட்டால் மீதிப் பக்கத்தை நீங்களே எழுதிவிடலாம். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடம்தான் பரப்பு என்று பள்ளியில் படித்துவிட்டோம். எண்ணெய்க்குள் ஒரு மெழுகுப் படிகம் முளைத்தால் அதற்கும் எண்ணெய்க்கும் நடுவிலும் ஒரு பரப்பு இருக்கிறது. சர்ஃபேக்டன்ட் போய் உட்காருவது அங்கேதான்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? வளரும் படிகத்தின் ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி தட்டுப்படும், மற்றப் பக்கம் நீளும். படிகத்தின் உருவமே மாறிவிடும். எல்லா முகத்திலும் ஒட்டினால் படிகம் சின்னதாக நின்றுவிடும். உருகுநிலை உயர்ந்த சர்ஃபேக்டன்டாக இருந்தால் அதுவே முதலில் படிகமாகி, உறைபொருளுக்கு விதை போட்டுக் கொடுக்கலாம். இதற்கு நேர்மாறாக, எண்ணெய்க்குள் தலைகள் உள்ளே, வால்கள் வெளியே என்று சின்னக் கூட்டங்களாகத் திரண்டு, உறைபொருளில் கொஞ்சத்தைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளலாம். அப்போது வலைக்கு நூல் குறைந்துபோகும்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. படிகங்கள் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றையொன்று தொட்டுப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்புகள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முடிச்சு தளர்ந்தால் சாரம் நிற்காது. படிகத்தைச் சுற்றி சர்ஃபேக்டன்ட் பூசிக்கொண்டால் அந்த முடிச்சுகள்தான் தளரும்.

சர்ஃபேக்டன்ட் மட்டும் போட்டே ஜெல் வருமா?

சிலதில் வரும். மோனோகிளிசரைடு தானே உறைபொருள் ஆகும். சூடான எண்ணெயில் கரைத்து ஆறவிட்டால், தலையோடு தலை சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்து, தகடு தகடாகப் படிகமாகி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். சார்பிட்டன் மோனோஸ்டியரேட்டும் அப்படியே.

லெசித்தின் கதை வேறு. கடையில் கிடைக்கும் லெசித்தினை எண்ணெயில் எவ்வளவு கலக்கினாலும் வழவழவென்று ஓடும். ஆனால் நன்கு சுத்திகரித்த லெசித்தினைக் கரிமக் கரைப்பானில் கரைத்து, துளியூண்டு தண்ணீர் சேர்த்தால், அதுவரை உருண்டையாக இருந்த கூட்டங்கள் நீண்ட புழுப்போல வளர்ந்து ஒன்றோடொன்று சிக்கி ஜெல்லாகிவிடும். 1988-இல் ஸ்கார்டாசினியும் லூயிசியும் இதை வெளியிட்டார்கள். படிக்க அழகான வேலை, பேக்கரிக்கு ஆகாது.

ரெண்டு சர்ஃபேக்டன்ட் சேர்த்தா ரெண்டு மடங்கு கெட்டியாகுமா?

மடங்குக் கணக்கு இங்கே செல்லாது. லெசித்தினும் சார்பிட்டன் டிரைஸ்டியரேட்டும் இதற்கு நல்ல உதாரணம். தனித்தனியாகப் போட்டால் இரண்டும் எண்ணெயை நிறுத்தாது. ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்த்தால் உருப்படியான ஜெல் நிற்கிறது. 2007-இல் வந்த ஆய்வு இது. டிரைஸ்டியரேட் ஊசி ஊசியாகப் படிகமாகிறது, லெசித்தின் அந்த ஊசிகளை மாற்றி ஒன்றோடொன்று பிடிக்க வைக்கிறது. விகிதம் ஒரு பக்கம் சாய்ந்தால் வலை போய்விடும்.

சேர்க்கை ஒத்துப்போகாமல் இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதும் உண்டு. செய்து பார்க்காமல் சொல்ல முடியாது.

தவிட்டு மெழுகு ஜெல்லில் லெசித்தின் போட்டால் கெட்டியாகுமா, இளகுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் இந்தப் பக்கமே தேவைப்படாது. வகுப்பில் நான் செய்து காட்டுவதைச் சொல்கிறேன். தவிட்டு மெழுகு என்பது அரிசித் தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் மெழுகு. உருகுநிலை 80 டிகிரியை ஒட்டி. சூரியகாந்தி எண்ணெயில் 3 சதவீதம் போட்டு 90 டிகிரிக்குச் சூடாக்கினால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அதை மூன்று குப்பியில் ஊற்றுவேன். முதலாவதில் வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் லெசித்தின் ஒரு சிட்டிகை. மூன்றாவதில் தாராளமாக, மெழுகு எவ்வளவோ அவ்வளவு.

ஆறும்போது முதல் குப்பியில் திடீரென்று பனி இறங்கியது போல வெண்மை படரும், கொஞ்ச நேரத்தில் கவிழ்த்தாலும் அசையாது. கரண்டியால் எடுத்தால் பொரபொரவென்று உடைந்து, உடைந்த இடத்தில் எண்ணெய் பளபளக்கும். இரண்டாவது குப்பியும் நிற்கும், ஆனால் கரண்டிக்கு வழவழப்பாக வரும். படிகங்கள் சின்னதாகி நெருக்கமாக அமைந்ததால் அப்படி. மூன்றாவதைச் சாய்த்தால் கூழ் மாதிரி மெல்லச் சரியும். மேலே சொன்ன சார முடிச்சு தளர்ந்துவிட்டது. மெழுகின் அளவு மூன்றிலும் ஒன்றே. மாறியது படிகத்தின் உருவமும் அதன் பிடிப்பும்.

சரி, அப்போ எவ்வளவு போடணும்?

உறைபொருளைவிடக் குறைவாக, மிகவும் குறைவாகத் தொடங்குங்கள். மொத்த எடையில் 0.1, 0.3, 0.5, 1 சதவீதம் என்று நான்கு குப்பி போட்டால் எங்கே வளைகிறது என்று தெரிந்துவிடும். சாக்லேட்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. 0.3 முதல் 0.5 சதவீதம் வரை லெசித்தின் சாக்லேட்டை இளக்கும். அதற்கு மேல் போனால் நகரவே சிரமப்படும்.

எச்.எல்.பி. எண் பார்த்துத் தேர்ந்தெடுத்தா போதுமா?

எச்.எல்.பி. என்பது 1949-இல் கிரிஃபின் கொண்டுவந்த அளவுகோல். சர்ஃபேக்டன்ட் தண்ணீர்ப் பக்கம் சாய்கிறதா, எண்ணெய்ப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும். சார்பிட்டன் மோனோஸ்டியரேட்டுக்கு 4.7, பாலிசார்பேட் 80-க்கு 15. எண்ணெய் ஜெல்லுக்குப் பொதுவாகக் குறைந்த எண் உள்ளவைதான் சரிப்படும், அதிகமானவை எண்ணெயில் ஒழுங்காகக் கரைவதில்லை. அதோடு அதன் உதவி முடிந்தது.

ஏன் முடிந்தது என்றால், சார்பிட்டன் மோனோஓலியேட்டின் எண் 4.3. மோனோஸ்டியரேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டியரேட் அறை வெப்பத்தில் திடம், ஓலியேட் திரவம். ஒன்று படிகமாகி வலையில் சேரும், மற்றது சேராது. வாலின் நீளம் உறைபொருளின் சங்கிலிக்கு ஒத்துப்போகிறதா என்பதையும் எச்.எல்.பி. சொல்லாது. எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால்மத்துக்காகச் செய்த அளவுகோலைப் படிகத்துக்குப் பிடித்தால் அவ்வளவுதான் கிடைக்கும்.

எத்தில் செல்லுலோஸில் படிகமே இல்லையே? அங்கே சர்ஃபேக்டன்ட் என்ன பண்ணும்?

எத்தில் செல்லுலோஸ் பாலிமர், அதாவது சங்கிலி போல நீண்ட மூலக்கூறு. எண்ணெயை நேரடியாகக் கட்டவைக்கும் உணவுத்தரப் பாலிமர் என்றால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். 140 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் சங்கிலிகள் இளகி எண்ணெயில் பிரியும். ஆறும்போது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகி வலை வரும். தொல்லை அந்தச் சூட்டில்தான். முதன்முதலில் இதைச் செய்தபோது பொறுமையில்லாமல் 120 டிகிரியிலேயே கலக்கி இறக்கினேன். கஞ்சியில் மாவுக்கட்டி மிதப்பது போல வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அடுத்த முறை அதிகம் காய்ச்சி எண்ணெயைக் காறல் அடிக்க வைத்தேன்.

சர்ஃபேக்டன்ட் இங்கே சங்கிலிகளுக்கு நடுவில் நுழைந்து அவற்றை வளையவிடும். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் மாதிரி. அதனால் ஜெல் கட்டும் வெப்பநிலை கீழே இறங்குகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மரங்கோனியின் குழு 2015-இல் இதைத் தனியாக ஆராய்ந்தது. தலையின் அமைப்பைப் பொறுத்து, அது சங்கிலியோடு எப்படிப் பிணைகிறது என்பது மாறுகிறது. வால் ஸ்டியரேட்டாக இருந்தால் ஆறியபின் அது தானும் படிகமாகி வலைக்கு முட்டுக் கொடுக்கும். ஓலியேட்டாக இருந்தால் இளக்குவதோடு சரி.

ரப்பர் மாதிரி வருகிறது என்று எத்தில் செல்லுலோஸ் ஜெல்லை ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கலாம். சாசேஜில் விலங்குக் கொழுப்புக்குப் பதில் இந்த ஜெல்லை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் சார்பிட்டன் மோனோஸ்டியரேட்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

முந்தாநாள் வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இப்போ மணல் மணலா ஆகி எண்ணெய் கக்குது. யாராவது மாத்திட்டாங்களா?

யாரும் மாற்றவில்லை, படிகம்தான் மாறியிருக்கிறது. மோனோகிளிசரைடு ஜெல்லில் இது வாடிக்கை. முதலில் அமையும் படிக வடிவம் நிலையற்றது. நாள் ஆக ஆக, நெருக்கமாக அடுக்கிய நிலையான வடிவத்துக்குப் போகும். படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும்போது நடுவில் இருந்த எண்ணெய் வெளியே வந்துவிடும். நெய் வாளியில் குருணை அடியில் தங்கி எண்ணெய் மேலே தெளிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டாவது சர்ஃபேக்டன்ட் இங்கே நல்ல பிள்ளை. பொருத்தமானதாக அமைந்தால், கொஞ்சம் சேர்த்தாலே அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் ஆறவிட்ட விதத்தையும் பாருங்கள். மெல்ல ஆறினால் படிகம் பெரிதாகும். கட்டும் நேரத்தில் கலக்கினால் வலை அறுந்துபோகும். மெழுகு ஜெல் அப்படி அறுந்தால் பழைய பலத்துக்குத் திரும்பி வருவது அபூர்வம்.

கொஞ்சம் தண்ணி பட்டுட்டா கெட்டுப்போயிடுமா?

உறைபொருளைப் பொறுத்தது. மெழுகு பெரிதாகக் கண்டுகொள்ளாது. லெசித்தின் இருந்தால் தண்ணீரைத் தலைப்பக்கம் இழுத்துக்கொண்டு தன் கூட்டத்தின் உருவத்தை மாற்றிக்கொள்ளும், முன்பு சொன்ன புழு மாதிரி.

ரொம்பத் தொட்டாற்சுருங்கி எது என்றால் சிட்டோஸ்டெரால்–ஒரைசனால் ஜெல். சிட்டோஸ்டெரால் தாவரங்களில் இருக்கும் பொருள், ஒரைசனால் நம் தவிட்டு எண்ணெயில் இருப்பதுதான். இந்த இரண்டும் எண்ணெயில் சேர்ந்து நானோமீட்டர் அளவிலான குழல்களைக் கட்டும், அதனால் ஜெல் கலங்காமல் தெளிவாக இருக்கும். தண்ணீர் வந்தால் சிட்டோஸ்டெரால் அதோடு சேர்ந்து தனிப் படிகமாகப் போய்விடுவதால் குழல் அமையாது. பால்மமாக்க வேண்டும் என்று இதில் சர்ஃபேக்டன்டும் தண்ணீரும் ஊற்றியவர்கள் பலர் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப்ல ஊசி ஊசியா அழகா தெரியுது. ஜெல் மட்டும் ஏன் தளதளன்னு இருக்கு?

முதல் விஷயம், அது ஊசியாக இல்லாமலும் இருக்கலாம். தாவர மெழுகுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை தகடுகள் என்று தெரிந்தது. சாதாரண நுண்ணோக்கியில் தகட்டின் விளிம்பு மட்டும் தெரிவதால் ஊசி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அடுக்கிய பாக்குமட்டைத் தட்டுகளைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியுமே, அது போல.

இரண்டாவது, நுண்ணோக்கி படிகத்தைக் காட்டும், முடிச்சைக் காட்டாது. சர்ஃபேக்டன்ட் கெடுப்பது பல நேரம் முடிச்சைத்தான். ரியோமீட்டர் என்ற கருவியில் விறைப்பையும், வேகமாகச் சுழற்றிப் பார்த்து எவ்வளவு எண்ணெய் பிரிகிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். கருவி இல்லாதவர்கள் ஜெல்லை வடிதாள் மேல் வைத்து, மறுநாள் எண்ணெய்க்கறையின் விட்டத்தை அளக்கலாம். ஒரே தாளில் நான்கு மாதிரிகளை வைத்தால் எது கசிகிறது என்று பார்த்தவுடனே தெரியும்.

ஜெல்லுல போட்ட சர்ஃபேக்டன்ட் கேக் மாவுல போய் சும்மா இருக்குமா?

இருக்காது, நல்லதும் செய்யும் கெட்டதும் செய்யும். மோனோகிளிசரைடு மாவில் காற்றைப் பிடிக்க உதவும், ஸ்டார்ச்சோடு சேர்ந்து ரொட்டி காய்ந்துபோவதையும் தள்ளிப்போடும். ஆகவே ஜெல்லில் அது இருந்தால், அதே வேலைக்காகக் கேக்குக்குத் தனியாகப் போடும் ஜெல் பவுடரின் அளவைக் குறைத்துப் பாருங்கள். இரண்டையும் முழு அளவில் போட்டுவிட்டு, கேக் உப்பி நடுவில் உட்கார்ந்துவிட்டது என்று புகார் சொல்பவர்கள் உண்டு.

இன்னொன்று, சர்க்கரையோடு அடிக்கும்போது ஜெல்லின் வலை அறுபடும். குப்பியில் கல் மாதிரி நின்ற ஜெல் மிக்ஸரில் இரண்டு நிமிடத்தில் கூழாகலாம். ஆகவே அடித்தபிறகு எப்படி இருக்கிறது என்பதையும் சோதிக்க வேண்டும்.

ரெசிபி அதே, எண்ணெய் அதே. லெசித்தின் மட்டும் வேற கடையில வாங்கினோம். ஜெல்லே நிக்கலை. எப்படி?

லெசித்தின் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. டின்னில் இருப்பது பல பாஸ்போலிப்பிடுகளின் (தலையும் வாலும் உள்ள மூலக்கூறுகள் இவைதான்) கலவை, அதோடு மூன்றில் ஒரு பங்குக்கு எண்ணெயும் இருக்கும். சோயாவா சூரியகாந்தியா, எண்ணெய் நீக்கிய தூளா, நொதியால் மாற்றியதா என்பதைப் பொறுத்து விகிதம் மாறும், படிகத்தின் மேல் உட்காரும் விதமும் மாறும். நீங்கள் 0.5 சதவீதம் என்று எடை போட்டது இரண்டு டின்னிலும் ஒரே அளவு பாஸ்போலிப்பிடு ஆகாது.

விற்பவரிடம் அசிட்டோனில் கரையாத பகுதி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், பாஸ்போலிப்பிடு எவ்வளவு என்பதை ஏறக்குறைய அதுதான் காட்டும். திரவ லெசித்தினில் அது 60-ஐ ஒட்டி இருக்கும், எண்ணெய் நீக்கிய தூளில் 95 வரை போகும். பழைய டின் காலியாகும் முன்பே புது டின்னை வாங்கி, இரண்டிலிருந்தும் பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொரு குப்பி போட்டு, ஒரு ராத்திரி வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள்.